பிள்ளைங்க கஸ்டடி: கையெழுத்துக்கு முன்னாடி என்னென்ன எழுதணும்?

வணக்கம் மக்களே. பினாங்குல பிரியப்போற அப்பா அம்மாவுக்கு இன்னைக்கு வீடியோ. முஸ்லிம்களுக்கு ஷரியா கோர்ட் தனி. நான் பேசுறது 1976 திருமண, மணவிலக்குச் சட்டம்.

ஏழு வயசுக்குக் கீழன்னா பிள்ளை அம்மாவுக்குத்தான்னு எல்லாரும் சொல்றாங்க. 88வது பிரிவுல அது ஒரு அனுமானம்தான், எதிரா ஆதாரம் இருந்தா உடையும். நீதிபதி முதல்ல பார்க்கிறது பிள்ளையோட நலன். பழகின வீட்டை மாத்துறதும் நல்லதில்லன்னு அதே பிரிவு சொல்லுது. அதனால கேஸ் முடியற வரைக்கும் பிள்ளை யார்கிட்ட இருக்குங்கிறது ரொம்ப முக்கியம்.

ரெண்டு பேரும் ஒத்துப்போனா கூட்டு மனு. ஒருத்தர் மட்டும் போட்டா, பொதுவா முதல்ல ஜேபிஎன், அதாவது தேசியப் பதிவுத் துறையோட சமரசக் குழுவுக்குப் போகணும்.

இப்ப முக்கியமான இடம். ஆக்சஸ்னா, பிள்ளை கூட இல்லாத அப்பாவோ அம்மாவோ பிள்ளையப் பார்க்கிற உரிமை. பல மனுவுல "நியாயமான ஆக்சஸ்"னு ஒரே வரி. சண்டை தொடங்குறதே அங்கதான்! உங்களுக்கு நியாயம் ரெண்டு நாள், அவருக்கு ரெண்டு மணி நேரம். கிழமை, மணி, யார் கூட்டிட்டு வரணும், எங்க ஒப்படைக்கணும், எல்லாத்தையும் எழுதுங்க. ஒருத்தர் பட்டர்வொர்த், இன்னொருத்தர் ஜார்ஜ்டவுன்னா, ஞாயிறு சாயங்காலம் பாலத்துல ஜாம் ஆகும். அரை மணி நேரம் தாமதத்துக்கு இடம் விடுங்க. தீபாவளி, தண்ணீர்மலை தைப்பூசம் ரெண்டையும் வருஷம் மாத்தி மாத்தி வச்சுக்கலாம்; இரட்டைப்படை வருஷம் யாருக்குன்னு பேரு போட்டு எழுதுங்க. பள்ளி விடுமுறை பாதிப் பாதி. பாஸ்போர்ட் யார் கையில, வெளிநாடு போக எத்தனை நாள் முன்னாடி எழுத்துல சம்மதம், அதையும் சேருங்க. தடை வேணும்னா 101வது பிரிவுல கோர்ட்டைக் கேட்கலாம்.

ஜீவனாம்சத்த மொத்தத் தொகையா மட்டும் போடாதீங்க. பள்ளி பஸ், டியூஷன், மருத்துவம் யார் பங்குன்னு பிரிங்க. பேங்க்ல போடச் சொல்லுங்க, ரொக்கம் வேணாம். கொடுத்ததுக்கு ஆதாரமே இருக்காது. 18 வயசோட நிக்காது: 2018 டிசம்பர் 15லிருந்து மேல்படிப்பு முடியற வரைக்கும் நீளலாம்.

காசு வரலன்னு பிள்ளையக் காட்டாம இருக்காதீங்க. ஆக்சஸ் ஆர்டர மீறினா கோர்ட்டு முன்னாடி நீங்கதான் மாட்டுவீங்க. பாக்கிக்கு வழி வேற, சம்பளத்துலயே பிடிக்கச் சொல்லி உத்தரவு கேட்கலாம். வேலை போச்சு, ஊர் மாறியாச்சுன்னா 96வது பிரிவுல பழைய உத்தரவ மாத்தக் கேட்கலாம். வாட்ஸ்அப்ல பேசி மாத்திக்கிட்டா மட்டும் கோர்ட் உத்தரவு மாறாது.