வெளியே நின்று உள்சுவரைப் பார்ப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

கல்பாக்கத்தில் 500 மெகாவாட் திறனுள்ள வேக ஈனுலை என்ற அணு உலை ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் தண்ணீரை நீராவியாக மாற்ற எட்டுப் பெரிய கலன்கள். ஒவ்வொரு கலனுக்குள்ளும் 547 எஃகுக் குழாய்கள். ஒரு குழாயின் நீளம் 23 மீட்டர், வெளிவிட்டம் 17.2 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் வெறும் 2.3 மில்லிமீட்டர். குழாய்க்கு உள்ளே உயர் அழுத்தத்தில் தண்ணீர். வெளியே 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் திரவ சோடியம். சோடியமும் தண்ணீரும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூட ஆய்வகத்திலேயே பார்த்திருப்பீர்கள். ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால்கூடப் போதும். அதன் வழியே பீய்ச்சும் நீராவி சோடியத்தோடு வினைபுரியும். அதில் கிளம்பும் சூடும் காரமும் பக்கத்துக் குழாயின் சுவரையும் அரிக்கத் தொடங்கிவிடும்.

அதனால் இப்படிப்பட்ட குழாய்களைக் கலனுக்குள் பொருத்துவதற்கு முன்னால், முழு நீளத்துக்கும், வெளிப்பக்கம் உள்பக்கம் இரண்டையும் சோதித்தாக வேண்டும். உள்துவாரம் 12.6 மில்லிமீட்டர், நீளம் 23 மீட்டர். கண்ணும் போகாது, கையும் போகாது. சாயம் தடவி விரிசல் பார்க்கும் முறையும் அங்கே எட்டாது. உலோகத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டிக் குறை பார்க்கும் சுழல் மின்னோட்டச் சோதனை என்று ஒன்று உண்டு. நல்ல முறைதான், பல இடங்களில் அதையும் மீயொலிச் சோதனையையும் சேர்த்தே செய்கிறார்கள். நான் இன்று பேச வந்தது, காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பிக் குறை பார்க்கும் அந்த மீயொலிச் சோதனையைப் பற்றி. பட்டறையில் இதை யாரும் மீயொலி என்று சொல்வதில்லை, அல்ட்ராசோனிக் டெஸ்டிங் என்பதைச் சுருக்கி 'யூ.டி.' என்பார்கள். கொதிகலன் குழாய்களை யூ.டி. பார்ப்பதிலேயே என் உத்தியோக காலம் கழிந்தது. கொதிகலன் தொழிற்சாலைகள் இருக்கும் திருச்சியை அடுத்த திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கத்து நேயர்கள் பலருடைய வீட்டிலும் இந்த வேலையைத் தெரிந்த ஒருவராவது இருப்பார்.

முதலில், மேற்பரப்புக் குறைக்கு ஏன் இவ்வளவு கவலை? குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது சுவரைச் சுற்றுவாட்டில் இழுக்கும் விசை, நீளவாட்டில் இழுப்பதைப் போல இரண்டு மடங்கு. அதனால் நீளவாட்டில் ஓடும் கீறலோ விரிசலோதான் குழாய்க்குப் பெரிய எதிரி. கொதிகலன் குழாய் வெடித்தால் பெரும்பாலும் நீளவாட்டில் பிளந்து, மீன் வாயைத் திறந்த மாதிரி கிடக்கும். இன்னொரு சங்கடம், இந்த நீளவாட்டுக் குறைகள் குழாய் செய்யும்போதே உண்டாகிவிடக் கூடியவை. பழுக்கக் காய்ந்த எஃகுத் தண்டைத் துளைத்து, உருட்டி, அச்சு வழியாக இழுத்துத்தான் தையல் இல்லாத குழாய் செய்கிறார்கள். அச்சில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தால் குழாய் நெடுகக் கோடு விழும். உருட்டும்போது உலோகம் மடிந்து அமுங்கினால், மேலே மூடியும் உள்ளே ஒட்டாமலும் ஒரு மடிப்பு நின்றுவிடும். கண்ணுக்கு அது வெறும் மயிரிழைக் கோடு. அடியில் அரை மில்லிமீட்டர் ஆழம் இருக்கலாம்.

சரி, மீயொலி இதை எப்படிக் காண்கிறது? மனிதக் காதுக்கு எட்டுவது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான். நாங்கள் பயன்படுத்துவது நொடிக்கு இருபது லட்சத்திலிருந்து ஒரு கோடி அதிர்வு வரை. மின்துடிப்பு கொடுத்தால் அதிரும் படிகம் ஒன்றைச் சிறு உறையில் பொருத்தியிருப்பார்கள். அதுதான் புரோப். 1880-இல் க்யூரி சகோதரர்கள் கண்டறிந்த அழுத்தமின் விளைவுதான் இதற்கு அடிப்படை. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபயர்ஸ்டோன், துடிப்பை அனுப்பி அதன் எதிரொலியை வாங்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளும் அதே வழியில் வந்தவைதான். எஃகுக்குள் ஒலி நொடிக்கு 5,900 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எஃகு முடிந்து காற்று தொடங்கும் இடத்தை அதனால் தாண்ட முடியாது, ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். விரிசல் என்பது எஃகுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய காற்றிடைவெளி. அதனால்தான் விரிசலிலிருந்து எதிரொலி வருகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புரோப்பைக் குழாயின் மேல் செங்குத்தாக வைத்தால் சுவரின் தடிமன் அழகாகத் தெரியும். ஆனால் மேற்பரப்பு விரிசல் தெரியாது. விரிசல் மேலிருந்து கீழாக இறங்குகிறது, ஒலியும் மேலிருந்து கீழாகப் போகிறது. இரண்டும் ஒரே திசையில் இருக்கும்போது மோதுவதற்கு அங்கே முகமே இல்லை. போதாக்குறைக்கு, புரோப் அனுப்பிய துடிப்பு ஓய்வதற்குள் மேற்பரப்புக்குப் பக்கத்திலிருந்து வரும் எதிரொலி அதோடு கலந்து மறைந்துவிடும். தடிமன் பார்த்துவிட்டோம், குழாய் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதில் பாதிதான் உண்மை. அரிப்பு தெரியும், விரிசல் தெரியாது.

ஆகவே ஒலியைச் சாய்வாக அனுப்ப வேண்டும். குழாயைத் தண்ணீருக்குள் வைத்து, புரோப்பைக் குழாயின் நடுக்கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துகிறோம். அப்போது ஒலி வளைந்த மேற்பரப்பில் சாய்வாகப் பட்டு, விலகி உள்ளே நுழையும். நெட்டலையாக, அதாவது போகும் திசையிலேயே அதிரும் அலையாக, தண்ணீரில் வந்தது எஃகுக்குள் குறுக்கலையாக, அதாவது பக்கவாட்டில் அதிரும் அலையாக, மாறி ஓடும். குறுக்கலையின் வேகம் கிட்டத்தட்ட 3,230 மீட்டர். அது உள்சுவரில் பட்டு, வெளிச்சுவரில் பட்டு, சுவருக்குள்ளேயே சுற்றிக்கொண்டு போகும். வழியில் நீளவாட்டு விரிசல் குறுக்கிட்டால் இப்போது அது நேர் எதிரே முகம் காட்டி நிற்கிறது. எதிரொலி கணீரென்று வரும்.

எவ்வளவு தள்ளி நிறுத்துவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. நான் சொன்ன அந்த 17.2 மில்லிமீட்டர் குழாயையே எடுத்துக்கொள்வோம். எஃகின் வழக்கமான வேகங்களை வைத்துக் கணக்குப் போட்டால், நடுக்கோட்டிலிருந்து 2.2 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் தள்ளினால் நெட்டலையும் கூடவே உள்ளே நுழைந்து திரையைக் குழப்பும். 2.9 மில்லிமீட்டரைத் தாண்டித் தள்ளினால் அலை உள்சுவரைத் தொடாமலே சுவரின் நடுவில் ஓடிவிடும். உள்பக்க விரிசல் இருந்தாலும் கருவி வாய் திறக்காது. நமக்குக் கிடைப்பது முக்கால் மில்லிமீட்டர் இடைவெளிதான். குழாய் சற்று வளைந்திருந்தாலோ, சுழலும்போது குலுங்கினாலோ அந்த முக்கால் மில்லிமீட்டர் கையைவிட்டுப் போய்விடும். அதனால் குழாயை நேராக்கும் வேலையையும், தாங்கும் உருளைகளையும் சோதனையின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும் என்பேன்.

நல்லபடி அமைந்துவிட்டால் இன்னொரு வசதி கிடைக்கிறது. இதே குழாயில் உள்சுவர் விரிசலின் எதிரொலி, ஒலி எஃகுக்குள் நுழைந்த ஏறத்தாழ இரண்டு மைக்ரோநொடியில் திரும்பிவிடும். வெளிச்சுவர் விரிசலுடையது ஏறத்தாழ நான்கில் வரும். அந்தச் சிறு நேர வித்தியாசத்தை வைத்தே குறை உள்ளேயா வெளியேயா என்று சொல்லிவிடலாம். குழாயைத் தொடவே வேண்டாம்.

குழாய் சுழன்றுகொண்டே முன்னேறும், அல்லது குழாய் நேராகப் போக புரோப்புகள் அதைச் சுற்றிச் சுழலும். ஒரு சுற்றுக்குள் முன்னேறும் தூரம் ஒலிக்கற்றையின் அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உற்பத்தி அவசரத்தில் வேகத்தைக் கூட்டினால், குழாயைச் சுற்றி ஒரு பட்டை ஒலியே படாமல் தப்பிவிடும். அப்புறம், ஒரே திசையில் பார்த்தாலும் போதாது. மடிப்புக் குறை சாய்வாக இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிவது, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றுமே இல்லாததாகத் தோன்றும். அதனால் வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் இரண்டு தடவை.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கருவிக்கு விரிசல் என்றால் என்ன என்று தெரியாது. ஓர் எதிரொலி எவ்வளவு உயரம் என்று மட்டும் காட்டும். எந்த உயரத்துக்கு மேல் போனால் குறை என்று நாம்தான் கற்றுக்கொடுக்கிறோம். அதற்காக, சோதிக்கப்போகும் அதே உலோகத்தில், அதே விட்டத்தில், அதே தடிமனில் ஒரு குழாயை எடுத்து, அதில் வேண்டுமென்றே ஒரு வெட்டு போட்டு வைக்கிறோம். பட்டறை வழக்கில் 'நாட்ச்'. வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று. வெட்டின் ஆழம் சுவர்த் தடிமனில் ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். ஐந்து மில்லிமீட்டர் சுவரில் ஐந்து சதவீதம் என்றால் கால் மில்லிமீட்டர். அரத்தால் இதைச் செய்ய முடியாது. மெல்லிய மின்முனையை வைத்து மின்பொறியால் அரித்து எடுப்பார்கள். ஆழம் சரியா என்று பார்க்க, அந்த வெட்டுக்குள் ரப்பர்க் குழம்பை ஊற்றி, உறைந்ததும் உரித்து, அந்த வார்ப்பை உருப்பெருக்கிக் கண்ணாடிக்கடியில் வைத்து அளப்பார்கள். நகநுனியில் நிற்கும் அந்த ரப்பர் விளிம்புதான் பிற்பாடு ஆயிரக்கணக்கான குழாய்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

அந்த வெட்டின் எதிரொலி திரையில் 80 சதவீத உயரம் வரும்படி கருவியைத் திருகி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். ஷிப்ட் நடுவிலும் முடிவிலும் அதே குழாயை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். உயரம் குறைந்திருந்தால், கடைசியாகச் சரியாக வந்த நேரத்துக்குப் பிறகு பார்த்த அத்தனை குழாயையும் திரும்பப் பார்க்க வேண்டும். நூறு குழாயானாலும் சரி. இதைச் செய்கிறவர்தான் ஆய்வாளர்.

ஒரு தொழிற்கூடத்தில் குழாய்கள் வரிசையாகத் தள்ளுபடி ஆகிக்கொண்டிருந்தன. பொறுப்பில் இருந்தவர் வந்து பக்கத்தில் நின்றார். "சார், கெயினைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்களேன், ஆறு டெசிபல்தானே" என்றார். கெயின் என்பது எதிரொலியைத் திரையில் எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுவது என்ற அளவு. கேட்க ஏதோ சின்ன விஷயமாகத் தெரியும். ஆறு டெசிபல் இறக்கினால் எதிரொலி பாதியாகிவிடும். 80 இருந்தது 40 ஆகும். விரிசல் அப்படியேதான் இருக்கும், திரையில்தான் குட்டையாகும். நான் மாட்டேன் என்றேன். அன்றைக்குச் சாப்பாடு வரைக்கும் யாரும் என்னோடு பேசவில்லை. எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு. இளைய ஆய்வாளர்கள் தனியாக நிற்கும்போது இந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம்.

சரி, தள்ளுபடி ஆனவை எல்லாம் உண்மையான குறையா என்றால், அப்படியும் இல்லை. குழாயின் மேல் ஒட்டிய ஒரு சிறு காற்றுக்குமிழ் விரிசல் மாதிரியே எதிரொலி தரும். அதனால் தண்ணீரில் காற்று கரைந்திருக்கக் கூடாது. துருப் பொருக்கு, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இருக்கக் கூடாது. கருவி கத்திய இடத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்ப்பதில் தவறே இல்லை. எதிரொலி அதே இடத்தில் திரும்பவும் வந்தால் அது குமிழ் அல்ல. இன்னொன்று, குழாயின் இரண்டு முனைகளிலும் சில அங்குலம் இயந்திரத்தால் பார்க்க முடியாது. அந்தப் பகுதியை வெட்டிவிட வேண்டும், அல்லது கையால் தனியாகப் பார்க்க வேண்டும். வெல்டிங் விழப்போவதே அந்த முனையில்தான் என்பதால், இதை விட்டுவிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும்.

பெரிய குழாய்களில் கையால் பார்க்கும்போது ஒரு முறை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ராலே அலை என்று ஒன்று, மேற்பரப்பை ஒட்டியே ஓடும், ஏறத்தாழ ஓர் அலைநீளத்துக்கு மேல் ஆழம் போகாது, வளைவையும் தொடர்ந்து போகும். தண்ணீருக்குள் இது உதவாது, ஆற்றல் தண்ணீரில் கசிந்துவிடும். துடைத்து உலர்ந்த பரப்பில், புரோப்புக்கு அடியில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் வைத்து அனுப்புவோம். திரையில் எதிரொலி எழுந்ததும், எண்ணெய் தொட்ட விரலைப் புரோப்புக்கு முன்னால் மேற்பரப்பில் வைத்து மெல்ல நகர்த்துவோம். விரல் அலையின் பாதையில் இருக்கும் வரை எதிரொலி சுருங்கித் துடிக்கும். விரிசலைத் தாண்டி விரல் அந்தப்பக்கம் போனதும் எதிரொலி மறுபடி நிமிர்ந்துவிடும். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, அப்புறம் சாயம் தடவிப் பார்த்தால் சிவப்பு இழை அங்கேயே எழும்பும்.

கோடு போட்ட குழாய் என்ன ஆகும்? குறை வெளிப்பக்கத்தில் இருந்தால் மெல்லத் தேய்த்து எடுப்பார்கள். பள்ளம் விழாமல் சுற்றியுள்ள பரப்போடு சமமாக இழைய வேண்டும். பிறகு செங்குத்துப் புரோப்பால் அங்கே மிஞ்சிய தடிமனை அளப்போம். வரையறுத்த குறைந்தபட்சத் தடிமன் இருக்கிறதா என்று பார்த்து, அதே நாட்ச் குழாயை வைத்துக் கருவியைச் சரிபார்த்து, அந்த இடத்தை மறுபடி சாய்கோணத்தில் சோதிப்போம். இரண்டிலும் தேறினால் குழாய் வரிசைக்குத் திரும்பும். குறை உள்பக்கத்தில் இருந்தால் தேய்க்க வழியில்லை. அந்த நீளத்தை வெட்டி ஒதுக்குவார்கள், முழு நீளமும் தேவைப்படுகிற இடத்தில் குழாயையே ஒதுக்கிவிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.