பீர் ஆண்கள் சமாச்சாரமா? ஒரு சகோதரியின் கேள்விக்குப் பதில்

இந்தக் கேள்வியை ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். "பீர் என்றாலே ஆண்கள் சமாச்சாரம் என்றுதான் கேட்டு வளர்ந்தேன். இப்போது பெண்கள் பீர் ஆலையே நடத்துகிறார்கள். இது எப்படி மாறியது? அந்தக் காலத்தில் பீர் காய்ச்சிய பெண்களைத்தான் சூனியக்காரி என்று எரித்தார்கள் என்கிறார்களே, உண்மையா?" இதுதான் கேள்வி.

நல்ல கேள்வி சகோதரி. பெண்கள் இந்தத் தொழிலுக்குத் திரும்பி வருகிறார்கள் என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். இன்றைய ஈராக் பகுதியில் பழங்காலத்தில் வாழ்ந்த சுமேரியர்கள் பீருக்கு வைத்திருந்த தெய்வமே நின்காசி என்ற பெண் தெய்வம். கி.மு. 1750 வாக்கில் எழுதப்பட்ட, பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் சட்டத்தில் மதுக்கடை நடத்துகிறவரைப் பெண்ணாகவே குறிப்பிடுகிறார்கள். அளவில் ஏமாற்றினால் அவளைத் தண்ணீரில் வீச வேண்டும் என்று தண்டனையும் இருக்கிறது.

அப்புறம் இங்கிலாந்து. 1300 வாக்கில் அங்கே 'ஏல்' என்ற பீர் வகையை வடித்தது பெரும்பாலும் பெண்கள்தான். முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட், அவ்வளவுதான். சில நாளிலேயே புளித்துக் கெட்டுவிடும். அதனால் வீட்டுக்கு ஊற்றி வைத்தது போக மிச்சத்தை அக்கம்பக்கத்தில் விற்றுவிடுவார்கள். முதல் போட வேண்டியதில்லை, சமையல் பாத்திரமே போதும்.

இதைப் புரட்டிப் போட்டது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. இதைச் சேர்த்தால் பானம் மாதக்கணக்கில் கெடாது. 12ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் குணத்தை எழுதி வைத்தவர் ஜெர்மனியின் ஹில்டகார்ட் என்ற கன்னியாஸ்திரி. ஒரு பெண் எழுதி வைத்த அதே குணம் பின்னால் பெண்களின் கையிலிருந்தே தொழிலைப் பறித்ததை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. கெடாத பானம் என்றால் வண்டியில் ஏற்றலாம், கப்பலில் அனுப்பலாம், படைகளுக்கு மொத்தமாக விற்கலாம். அதற்குப் பெரிய கொப்பரை வேண்டும், பீப்பாய் வேண்டும், கூலியாள் வேண்டும், கடன் வேண்டும். திருமணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் போடவே அன்றைய சட்டம் இடம் கொடுக்கவில்லை. யார் அவளுக்குக் கடன் கொடுப்பார்கள்? 1600 வாக்கில் தொழில் பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போய்விட்டது. கைத்திறனில் பெண்கள் தோற்கவில்லை சகோதரி, முதல் புரட்ட வழியில்லாமல் போனார்கள்.

சூனியக்காரி விஷயம். பீர் காய்ச்சிய பெண்களைத்தான் சூனியக்காரி என்று எரித்தார்கள், சூனியக்காரியின் கூர்த் தொப்பி, துடைப்பம், பூனை எல்லாம் பீர்க்காரிகளிடமிருந்து வந்தவை என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. அளவில் ஏமாற்றுகிறவள், கலப்படக்காரி என்று அவர்களைப் பாட்டிலும் படத்திலும் கேலி செய்தது மட்டும் உண்மை.

தென்னாப்பிரிக்காவில் இது போராட்டமாகவே வெடித்தது. அங்கே சோளத்தில் பீர் வடிப்பது பெண்களின் வேலை, அவர்களுடைய வருமானம். டர்பன் நகராட்சி வீட்டு பீரைத் தடுத்துவிட்டுத் தானே பீர்க்கூடம் நடத்திக் காசு பார்த்தது. 1959இல் டர்பனின் கேட்டோ மேனர் பகுதிப் பெண்கள் அந்தக் கூடங்களுக்குள் புகுந்து, குடித்துக்கொண்டிருந்த ஆண்களை விரட்டியடித்தார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவில் இன்றைக்கும் 'டோலோ' என்ற சோள பீரை வடித்து விற்பது பெண்கள்தான்.

சரி, இன்றைய நிலைமை. அமெரிக்காவில் 1987இல் கேரல் ஸ்டௌட் சொந்தமாக பீர் ஆலை தொடங்கினார். 2007இல் டெரி ஃபாரன்டார்ஃப் இளஞ்சிவப்பு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஊர் ஊராக ஆலைகளைச் சுற்றி வந்தார். இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களுக்காக அவர் தொடங்கிய 'பிங்க் பூட்ஸ் சொசைட்டி'க்குப் பெயர் வந்தது அந்த பூட்ஸால்தான். ஆனாலும் 2021இல் பிரியென் ஆலன் என்ற பெண் பீர் தயாரிப்பாளர், வேலையிடத்தில் பெண் என்பதற்காக அவமானப்பட்டதுண்டா என்று இன்ஸ்டாகிராமில் கேட்டபோது பதில்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. பொறுப்பிலிருந்த சிலர் பதவி விலக வேண்டியிருந்தது.