கூடையைத் தனியாக நிறுங்கள்

(பல்கலைக்கழக அனுமதி பெற்ற மலையக மாணவர்களுக்காக ஹட்டனில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிள்ளைகளுக்கும், இன்றைய பேரை, அதாவது தோட்டத்து ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு அவர்களோடு வந்திருக்கும் தாய்மாருக்கும் வணக்கம்.

இன்னும் கொஞ்ச நாளில் உங்களில் சிலர் பேராதனைக்குப் போவீர்கள், சிலர் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸவுக்கு, சிலர் கிழக்குக்கும் யாழ்ப்பாணத்துக்கும். பகிடிவதை பற்றியும் போடிங் பற்றியும் ஏற்கெனவே நிறையப் பேர் பேசியிருப்பார்கள். நான் குரூப் புரொஜெக்ட் பற்றிப் பேசுகிறேன். முதலாம் வருடத்திலேயே அது வந்துவிடும்.

சீனியர்களைக் கேட்டால் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "குரூப்ல அஞ்சு பேர், வேலை செஞ்சது ரெண்டு பேர், மார்க்ஸ் அஞ்சு பேருக்கும்." இதைக் கேட்கும் பெரியவர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து வேலை செய்யத் தெரியவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இதே பிள்ளைகள்தான் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறார்கள். பெச்சில் ஒருவருடைய அப்பா இறந்துபோனால், காசு சேர்த்து ராத்திரியோடு ராத்திரியாக வான் பிடித்துப் போகிறார்கள். அவர்களுக்குப் பொறுக்காதது அநியாயமாக விழும் மார்க்ஸ்தான்.

பிரான்சில் மக்ஸ் ரிங்கல்மன் என்ற விவசாயப் பொறியியலாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்தார். 1913இல் வெளிவந்த அவருடைய கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு விழும் பலம், தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்காததால் வீணாகும் பலமும் அதில் அடக்கம். 1979இல் அமெரிக்காவில் உளவியலாளர் பிப் லட்டனேயும் அவருடைய சகாக்கள் இருவரும் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் வைத்தார்கள். கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவர் போடும் சத்தமும் குறைந்துகொண்டே வந்தது. அதே மூவர் 1981இல் இன்னொன்றையும் காட்டினார்கள். தன் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தபோது, கூட்டத்துக்குள் நின்ற மாணவரும் முழு மூச்சோடு கத்தினார். எனக்கு இந்தக் கடைசி ஆய்வுதான் பெரிது.

ஏனென்றால் இது நம் வீட்டுப் பெண்களுக்கு முன்பே தெரிந்த விஷயம். ஒரே மலையில் சேர்ந்துதான் நிரை பிடித்துத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார்கள். ஆனால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்தால் ஒவ்வொருத்தியின் கொழுந்தும் தனியாகத்தான் தராசில் ஏறும். எல்லாக் கொழுந்தையும் ஒன்றாகக் கொட்டி நிறுத்து, ஆளுக்குச் சமமாகப் பேர் போட்டால் இங்கே இருக்கும் எந்த அம்மாவாவது சும்மா இருப்பாரா? பல்கலைக்கழகத்தில் பல இடங்களில் அப்படித்தான் நிறுக்கிறார்கள். அதனால் விரிவுரையாளர்களிடமும் இதைக் கேட்கிறேன்: அறிக்கைக்கு ஒரு மார்க்ஸ் போடுங்கள், சரி. யார் எதைச் செய்தார் என்பதற்கும் தனியாக ஒரு பங்கு மார்க்ஸ் போடுங்கள்.

மலையகப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை, திடீரென்று ஆங்கிலத்தில் பேசும் குழுவில் போய் உட்காருகிறது. கண்டியிலிருந்து ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், காலியிலிருந்து ஒருவர். வட்ஸ்அப் குரூப்பில் மளமளவென்று மெசேஜ் விழும். நம் பிள்ளை "ஓகே" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். லீவுக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தால் மேல் ரோட்டுக்கு ஏறினால்தான் சிக்னல். லெப்டொப் இல்லை, போனிலேயே டைப் பண்ண வேண்டும். தலவாக்கலைப் பக்கத்து மாணவி ஒருத்தி தன் பகுதி முழுவதையும் கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருந்தாள், பக்கம் பக்கமாக. ஆங்கிலத்தில் பிழை வந்தால் சிரிப்பார்களோ என்ற பயத்தில் அதை யாருக்கும் காட்டவே இல்லை. குழு அவளை வேலை செய்யாதவர் கணக்கில் சேர்த்துவிட்டது. பேசாத பிள்ளையும் சோம்பேறிப் பிள்ளையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரிவார்கள், அதுதான் கொடுமை.

1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்ந்து முறுகல் வந்தபோது, எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டைக் கொடுத்தார். அந்தத் துண்டை அந்தப் பிள்ளை சொன்னால்தான் மற்றவர்களுக்குப் பாடம் முழுமையாகும். தட்டுத் தடுமாறிப் பேசும் பிள்ளையையும் மற்றவர்கள் பொறுமையாகக் கேட்க வேண்டி வந்தது. சிங்களம் பேசும் பிள்ளைகளும் தமிழ் பேசும் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரும் நம் வளாகங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்க்கவில்லை.

விரிவுரையாளர் செய்யாவிட்டால் நீங்களே செய்யலாம். முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் பெயர், பகுதி, திகதி எழுதிப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டுவிடுங்கள். "எனக்கு ஆங்கிலத்தில் எழுதக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஒருத்தர் திருத்தித் தாங்க" என்று அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். தோட்டத்தில் போய்க் கள ஆய்வு செய்ய வேண்டியிருந்தால், அதை உங்கள் பகுதியாகக் கேட்டு வாங்குங்கள். அங்கே மற்றவர்களுக்கு வழிகாட்டப்போவது நீங்கள்தான். அப்புறம் தங்கைமாருக்கு ஒன்று: டைப் பண்ணுவது மட்டும் உங்கள் தலையில் விழுந்து, மேடை ஏறுவது பையன்களுக்குப் போனால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "வேலை செய்யாதவன் எங்க தோட்டத்துப் பையனாவே இருந்தா என்ன செய்றது சேர்?"

நல்ல கேள்வி. முதலில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு என்ன பிரச்சினை என்று கேளுங்கள். ராத்திரியில் எங்காவது வேலைக்குப் போய் வீட்டுக்குக் காசு அனுப்பிக்கொண்டிருக்கலாம், போன் உடைந்திருக்கலாம். அவனால் முடிந்த ஒரு பகுதியைக் கொடுத்து, ஒரு திகதி சொல்லுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் விரிவுரையாளரிடம் போங்கள். ஒப்படைக்கும் நாளுக்கு முதல் ராத்திரி வரை இழுக்காமல், பாதி வழியிலேயே, அந்தத் தாளோடு போங்கள். போவதற்கு முன்னால் அவனிடம் சொல்லிவிட்டே போங்கள். கோபப்படுவான், பரவாயில்லை. லீவுக்கு ஒரே பஸ்ஸில் வரப்போகிறவர்கள் நீங்கள், அவன் அதை வேறொருவர் வாயால் கேட்கக் கூடாது.