ஐந்து சுரங்களில் ஒரு நாள்

நேயர்களுக்கு வணக்கம். படைமுகாம்களில் பல ஆண்டுகள் பியூகிள் ஊதியவன் என்ற முறையில், அந்தச் சிறிய பித்தளைக் கருவி ஒரு முகாமின் நாளை எப்படி நடத்திச் செல்கிறது என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன். பள்ளி மணிக்கும் ஆலைச் சங்குக்கும் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் மணிக்கும் சங்குக்கும் ஒரே ஓசைதான். நேரமாயிற்று என்பதற்கு மேல் அவற்றால் எதையும் சொல்ல இயலாது. பியூகிளோ எழுந்திரு என்றும், அணியில் வந்து நில் என்றும், சாப்பாடு ஆயத்தம் என்றும், நோயுற்றவர்கள் மருத்துவரிடம் வரலாம் என்றும், விளக்கை அணை என்றும் தனித்தனியே சொல்லும்.

இத்தனையையும் அது ஐந்தே சுரங்களில் சொல்கிறது. அதில் அழுத்துவதற்குப் பொத்தான் இல்லை, விரல் வைக்கத் துளையும் இல்லை. உதட்டை இறுக்கினால் ஒலி ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஐந்து சுரங்கள், ஒரு மூச்சு; இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்ந்த வீரனுக்கு முதல் வாரம் எல்லா அழைப்புகளும் ஒன்றுபோலவே கேட்கும். மூத்தவர்கள் ஒவ்வொரு மெட்டுக்கும் தாங்களே இட்டுக்கட்டிய சொற்களைப் பாடிக் காட்டுவார்கள். சாப்பாட்டு அழைப்பைத்தான் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வார்கள். பிரிட்டிஷ் மரபில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி முன்னொலி உண்டு. அதைக் கேட்டவுடனே, பின்னால் வரும் கட்டளை தமக்கா பிறருக்கா என்பது தெரிந்துவிடும்.

குளிர்காலத்தில் விடியலுக்கு முன் எழும் முதல் ஆள் ஊதுபவன்தான். கருவியின் வாய்ப்பகுதியைக் கழற்றி, சட்டைக்குள் மார்போடு சேர்த்து வைத்துக்கொள்வேன். சில்லிட்ட பித்தளையில் உதடு வைத்தால் தசை மரத்துப்போகும், சுரமும் தாழ்ந்து ஒலிக்கும். முதல் ஒலி எழுந்ததும் கட்டில்கள் கிரீச்சிடுவதும், பூட்ஸ் தரையில் உரசுவதும் ஒவ்வொரு கொட்டகையாகக் கேட்கும்.

மாலைக் கொடியிறக்கம் முகாமின் அழகான வழக்கம். காலையில் விரைந்து ஏறும் கொடி மாலையில் நிதானமாக இறங்கும். அமெரிக்க முகாம்களில் அந்த இசை தொடங்கியதும் வண்டிகள் சாலையிலேயே நின்றுவிடும். சீருடையில் இருப்பவர்கள் கொடியை நோக்கி சல்யூட் அடிப்பார்கள், கொடி கண்ணுக்குத் தெரியாவிட்டால் இசை வரும் திசையை நோக்கி நிற்பார்கள். முகாமில் வளரும் குழந்தைகள்கூடப் பந்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நிற்பார்கள்.

இரவில் முதலில் வருவது 'டாட்டூ'. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் மதுக்கடைக்காரர்களிடம் பீப்பாய்க் குழாயை மூடச் சொன்ன சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அதன்பின் விளக்கணைக்கும் அழைப்பு. அமெரிக்கர்கள் 'டாப்ஸ்' என்று சொல்லும் அந்த மெட்டு உள்நாட்டுப் போரின்போது, 1862 ஜூலையில், வர்ஜீனியாவின் ஹாரிசன்ஸ் லேண்டிங் முகாமில் உருவானது. டேனியல் பட்டர்ஃபீல்டு என்ற தளபதி பழைய மெட்டொன்றைத் திருத்தி, ஆலிவர் நார்ட்டன் என்ற தம் ஊதுவீரரை அழைத்து, சில ஒலிகளை நீட்டியும் சிலவற்றைக் குறுக்கியும் ஊதவைத்தார். அன்றிரவு அது காற்றில் பரவியது. பக்கத்துப் படைப்பிரிவுகளின் ஊதுவீரர்கள் தேடிவந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். 24 ஒலிகள், ஐந்து சுரங்களில்கூட நான்கே போதுமாயின. அதே போர்க்காலத்தில், எதிரி அருகில் இருந்ததால் துப்பாக்கி மரியாதை செலுத்த முடியாத ஒரு வீரரின் அடக்கத்தில் இதை ஊதினார்கள். அன்றுமுதல் உறக்கத்துக்கான மெட்டு இறுதி விடைக்கும் உரியதாயிற்று.

நான் எங்கு பேசினாலும் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1963 நவம்பர் 25 அன்று, ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அமெரிக்க அதிபர் கென்னடியின் அடக்கத்தின்போது, சார்ஜன்ட் கீத் கிளார்க் நெடுநேரம் குளிரில் காத்து நின்றார். துப்பாக்கி வேட்டுகள் முழங்கி முடிந்ததும் கருவியை உயர்த்தி ஊதினார். ஆறாவது ஒலி, இரண்டாம் அடியின் முடிவில் ஏறி நின்று நீள வேண்டிய ஒலி, உடைந்தது. ஊதுபவனுக்கு அது எத்தகைய வேதனை என்பதை நான் அறிவேன். ஆனால் தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு அது ஒரு நாட்டின் விம்மலாகவே பட்டது. மூச்சால் பிறக்கும் இசையில்தான் இப்படி நேரும்; பதிவு செய்த ஒலியில் ஒருபோதும் நேராது.

இதை நான் வருத்தத்தோடு சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று பல முகாம்களில் ஒலிபெருக்கிதான் ஊதுகிறது. அமெரிக்காவில் முன்னாள் வீரர்களின் அடக்கங்களுக்குப் போதிய ஊதுவீரர்கள் கிடைக்காததால், கருவிக்குள் மின்னணுச் சாதனத்தைப் பொருத்தி, ஊதுவதுபோல் பிடித்துக்கொண்டு நிற்கும் முறையும் வந்துவிட்டது. ஆள் இல்லை என்பது உண்மைதான். ஒலியே இல்லாமல் அனுப்புவதைவிட அது மேல்தான். ஆயினும் ஓராண்டு பொறுமையாகக் கற்றுக்கொடுத்தால் ஓர் இளைஞரை நன்றாக ஊதவைக்க முடியும். அதைச் செய்யாமல் மின்னணுச் சாதனம் வாங்குகிறோம் என்பதே என் மனக்குறை.

நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை செய்கிறார்கள். விரிவாகச் சொல்ல எண்ணியிருந்ததைச் சில வரிகளில் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில், முதல் உலகப் போரில் உடல் கிடைக்காமற்போன வீரர்களின் பெயர்கள் பொறித்த மெனின் வாயிலில், 1928இல் தொடங்கிய வழக்கமாக இரவு 8 மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தி 'லாஸ்ட் போஸ்ட்' ஊதுகிறார்கள். காவற்சாவடிகளைச் சுற்றிப் பார்த்து முடித்தாயிற்று என்பதற்கான பழைய முகாம் அழைப்பு அது. ஊதுபவர்கள் அவ்வூர்த் தீயணைப்புப் படையோடு சேர்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது அங்கே ஊத முடியவில்லை. 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படைகள் நகரை மீட்டன. நகரின் வேறு பகுதிகளில் சண்டை ஓய்ந்திருக்கவில்லை. அன்று மாலையே மெனின் வாயிலில் பியூகிள் ஒலித்தது.