கல்லுக்கும் துணிக்கும் ஏன் இவ்வளவு பணம்? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வியை ஒரு நேயர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன். "பாலஸ்தீனத்திலிருந்து வெளியேறிப் பெரும் பணக்காரர்களான பலர், பழைய வீடுகளைப் புதுப்பிக்கவும் பழைய உடைகளைச் சேர்த்துவைக்கவும் அருங்காட்சியகம் கட்டவும் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்களாம். சோற்றுக்கும் மருந்துக்கும் மக்கள் தவிக்கும்போது கல்லுக்கும் துணிக்கும் செலவு செய்வது நியாயமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். சுற்றி வளைக்காமல் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கல் என்று சொல்வது பல இடங்களில் ஆட்கள் குடியிருக்கும் வீட்டுச் சுவர். அந்தச் சுவர் விழுந்தால் அந்தக் குடும்பம் ஊரையே விட வேண்டிவரும். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தப் பணக்காரர்கள் யார் என்று பார்த்துவிடுவோம்.

1948இல், இஸ்ரேல் உருவானதை ஒட்டி நடந்த போரில், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடு வாசலை இழந்தார்கள். அவர்களில் படித்த இளைஞர்கள் சிலர் பெய்ரூட்டுக்கும் குவைத்துக்கும் போனார்கள். வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் புரளத் தொடங்கிய நேரம் அது. சாலை போட, குழாய் பதிக்க, பள்ளிக்கூடம் கட்ட ஆள் வேண்டியிருந்தது. சஃபத் ஊர்க்காரர்களான ஹசீப் சப்பாகும் சயீத் கூரியும் 1952இல் பெய்ரூட்டில் தொடங்கிய கட்டுமான நிறுவனம் பிற்பாடு அரபு உலகத்தின் பெரிய ஒப்பந்த நிறுவனங்களில் ஒன்றானது. யாஃபாவில் பிறந்த அப்துல் முஹ்சின் அல் கத்தான் குவைத்தில் ஒப்பந்ததாரராக வளர்ந்தார். அரபு வங்கியைத் தொடங்கிய அப்துல் ஹமீத் ஷூமான் இவர்களுக்கு முந்திய தலைமுறை. ஜெருசலேமை ஒட்டிய பெய்த் ஹனீனா கிராமத்திலிருந்து 1911இல் அமெரிக்காவுக்குப் போய், அங்கே சம்பாதித்துத் திரும்பி, 1930இல் ஜெருசலேமில் வங்கி ஆரம்பித்தவர்.

அப்புறம் 1982 வந்தது. இஸ்ரேல் லெபனானுக்குள் படையெடுத்தது. பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் வாழ்ந்த சப்ரா, ஷதீலா பகுதிகளில் படுகொலை நடந்தது. அதே சமயத்தில் பெய்ரூட்டில் இருந்த பாலஸ்தீன ஆய்வு மையத்தின் ஆவணங்களையும் நூல்களையும் இஸ்ரேலிய ராணுவம் அள்ளிக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு நடந்த கைதிகள் பரிமாற்றத்தின்போதுதான் அவை திரும்பின, அதுவும் முழுதாக இல்லை. ஊர் போய், உயிரும் போய், காகிதமும் போன அந்தச் சூழ்நிலையில், 1983இல் பாலஸ்தீன, அரபுத் தொழிலதிபர்களும் அறிவாளர்களும் ஜெனீவாவில் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அதன் பெயர் 'தஆவுன்'.

உங்கள் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது. இந்த அமைப்பு பழைய கட்டடங்களுக்கு மட்டும் பணம் தருவதில்லை. அனாதைக் குழந்தைகள், கல்வி, போர்க்கால நிவாரணம் என்று அதன் வேலைகள் பல. முன்னே சொன்ன அல் கத்தான் தொடங்கிய அறக்கட்டளையும் அப்படித்தான். 2005இல் அவர்கள் காசாவில் திறந்தது குழந்தைகளுக்கான ஒரு மையம், நூலகத்தோடு. ஆகவே ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

சரி, ஜெருசலேமுக்கு வருவோம். என் வாதமே அங்கேதான் நிற்கிறது. மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம் ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். ஒரு முற்றத்தைச் சுற்றி அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். இதை அங்கே 'ஹோஷ்' என்பார்கள். சுவரில் ஈரம், கூரையில் விரிசல், பல வீடுகளில் கழிப்பறையும் பொது. புதிதாகக் கட்ட அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்படியானால் மதிலுக்கு வெளியே, புறநகருக்குப் போய் வசதியாக இருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 1967 போரில் கிழக்கு ஜெருசலேமை இஸ்ரேல் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அங்கே வாழும் பாலஸ்தீனர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலின் குடிமக்கள் இல்லை, நிரந்தரக் குடியிருப்போர் மட்டும்தான். நகரத்தில்தான் வாழ்கிறோம் என்று அவர்கள் தொடர்ந்து நிரூபிக்க வேண்டும். நகர எல்லையைத் தாண்டிப் போய்ச் சில ஆண்டுகள் தங்கினால் அந்த உரிமை பறிபோகலாம். இதுவரை 14,000க்கும் மேற்பட்டவர்கள் அப்படி இழந்திருக்கிறார்கள்.

இப்போது அந்த ஈரச் சுவரைத் திரும்பப் பாருங்கள். கூரை ஒழுகுகிறது என்று ஒரு குடும்பம் வெளியே போனால், திரும்பி வரும் வழி அடைபட்டுப்போகலாம். ஆகவே அங்கே ஒரு வீட்டைப் பழுதுபார்ப்பது என்பது அந்தக் குடும்பத்தின் குடியிருப்பு அடையாள அட்டையைக் காப்பாற்றுவது. 1990களின் நடுவில் தஆவுன் பழைய நகரத்தை வீடு வீடாகக் கணக்கெடுத்து, புனரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. குவைத்தைத் தலைமையகமாகக் கொண்ட அரபு நிதியம் உட்பட வெளியிலிருந்தும் பணம் வந்தது. குடியிருக்கும் வீடுகளோடு பழைய மதரசாக்களையும் பொதுக் கட்டடங்களையும் பழுதுபார்த்தார்கள். உள்ளூர்க் கொத்தனார்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து வேலையிலும் கல் வேலையிலும் பயிற்சி கொடுத்தார்கள். 2004இல் இந்தத் திட்டத்துக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

அவர்கள் சீரமைத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது தாருல் ஐதாம் என்ற அனாதை இல்ல வளாகம். 14ஆம் நூற்றாண்டில் துன்ஷுக் என்ற சீமாட்டி கட்டிய மாளிகையும், 1552இல் உதுமானிய சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரெம் நிறுவிய அன்னதானக் கூடமும் அங்கேதான் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த வளாகத்தில் பையன்கள் தொழில் கற்றார்கள். அன்னதானக் கூடமோ இந்த நூற்றாண்டிலும் ஏழைகளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. சோறா கல்லா என்று கேட்டீர்கள் அல்லவா? ஜெருசலேமில் இரண்டும் ஒரே வாசலுக்குள் இருக்கின்றன.

இன்னொரு விஷயம். வெளிநாட்டுப் பணம் என்றதும் இது புதிய பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த வக்ஃபுதான், அதாவது அறத்துக்காக நிரந்தரமாக எழுதிவைக்கும் சொத்துதான், இதற்கு வேர். ஜெருசலேமில் சங்கிலி வாசலுக்குப் போகும் தெருவில் காலிதி நூலகம் இருக்கிறது. ராகிப் அல் காலிதி தன் தாயார் கதீஜா விட்டுப்போன பணத்தைக் கொண்டு 1900இல் குடும்ப வக்ஃபாக அதைத் திறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் அதில் உள்ளன. பிற்காலத்தில் அந்தக் குடும்பத்தின் வாரிசுகள் உலகமெல்லாம் சிதறினார்கள். அமெரிக்காவில் பேராசிரியர்களாக இருந்த காலிதிகள் அங்கேயே நூலகத்துக்கு ஒரு நண்பர்கள் குழு அமைத்து, பணம் திரட்டி, கட்டடத்தையும் சுவடிகளையும் காப்பாற்றினார்கள். பாட்டி வைத்த வக்ஃபைப் பேரன்கள் கடல் கடந்து நடத்தினார்கள், அவ்வளவுதான்.

அடுத்து துணி. பாலஸ்தீனக் கிராமத்துப் பெண்கள் சட்டையில் போடும் குறுக்குத் தையலுக்குத் 'தத்ரீஸ்' என்று பெயர். முன்பெல்லாம் ஒரு பெண் எந்த ஊர் என்பதை அவள் மார்பில் உள்ள பூவேலையை வைத்தே சொல்லிவிடுவார்களாம். 1948க்கும் 1967க்கும் பிறகு முகாம்களில் பல பெண்கள் வறுமையில் தங்கள் கல்யாண உடையையே விற்றார்கள். துல்கர்மில் பிறந்து பெத்லகேமில் வளர்ந்து அம்மானில் குடியேறிய விதாத் கவார் அவற்றைத் தேடித் தேடி வாங்கினார். உடையோடு, அதைத் தைத்தவரின் கதையையும் கேட்டு எழுதிவைத்தார். 2015இல் அந்தத் தொகுப்பு அம்மானில் 'திராஸ்' என்ற பெயரில் ஒரு மையமாகத் திறந்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் முனய்யர் தம்பதியரும் இதே வேலையைச் செய்தார்கள். இருவரும் அறிவியல் படித்தவர்கள், சேகரிப்பைச் சொந்த ஆர்வத்தில் செய்தார்கள். 2021இல் யுனெஸ்கோ பாலஸ்தீனப் பூத்தையலைத் தன் பட்டியலில் சேர்த்ததற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் பல ஆண்டு உழைப்பும் இருக்கிறது. கோடீஸ்வரர்களைவிட இவர்கள்மேல்தான் எனக்கு மரியாதை அதிகம்.

சரி, உங்கள் கோபத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. ரமல்லாவுக்கு வடக்கே பிர்சைத்தில் தஆவுன் கட்டிய பாலஸ்தீன அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் உதித்த யோசனை, 2016 மே மாதம் திறப்பு விழா. செலவு இரண்டு கோடி டாலருக்கு மேல், பெரும்பகுதி பாலஸ்தீனர்கள் தந்தது. திறந்த அன்று உள்ளே பார்க்க ஒன்றுமே இல்லை! இயக்குநரோடு கருத்து வேறுபாடு வந்து அவர் விலகிவிட்டதால் முதல் கண்காட்சி நின்றுபோயிருந்தது. உலகப் பத்திரிகைகள் இதை நன்றாகவே கிண்டல் செய்தன. கட்டடம் என்னவோ அழகுதான். மலைச்சரிவின் கல் வரப்புகளோடு ஒட்டிப் படிந்திருக்கும், 2019இல் அதற்கும் ஆகா கான் விருது கிடைத்தது. ஆனால் காசாவில் இருப்பவர் அங்கே போக முடியாது, லெபனான் முகாமில் இருப்பவரும் போக முடியாது. அருங்காட்சியகம் யாருக்காக என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

அதற்கு அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று, பொருளை ஆளிடம் கொண்டுபோவது. தங்கள் கட்டடம் காலியாக இருந்த அதே 2016இல், பூத்தையல் கண்காட்சி ஒன்றைப் பெய்ரூட்டில் நடத்தினார்கள். இடம் கொடுத்தது ராமி அல் நிம்ர் என்ற வங்கியாளர் திறந்த கலை மையம். இன்னொரு வழி, குடும்பங்களிடம் இருக்கும் புகைப்படங்கள், கடிதங்கள், பத்திரங்கள் இவற்றை மின்படியாக்கி, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கும்படி வைப்பது. அசல் அந்தந்த வீட்டிலேயே இருக்கும். என்னைக் கேட்டால், அந்த அழகான கட்டடத்தைவிட இந்தச் சேகரம்தான் பெரிய காரியம்.

கிராமங்களில் இதே வேலையைச் செய்யும் 'ரிவாக்' அமைப்பையும் சொல்ல வேண்டும். டமாஸ்கஸில் பிறந்து அம்மானில் வளர்ந்து, 1981இல் ரமல்லாவுக்கு வந்த கட்டடக் கலைஞர் சுஆத் அமீரி 1991இல் தொடங்கியது. பாலஸ்தீனப் பகுதிகளில் 50,000க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். 2000இல் தொடங்கிய இரண்டாம் இன்திஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சிக் காலத்தில் சாலைகள் அடைபட்டு ஆண்கள் வேலையில்லாமல் கிடந்தபோது, சுவீடன் நாட்டு நிதியோடு பழுதுபார்ப்பையே வேலைவாய்ப்புத் திட்டமாக்கினார்கள். புதுக் கட்டடம் என்றால் சிமெண்டுக்கும் கம்பிக்கும் பணம் போய்விடும். பழைய கல் வீட்டைச் சரிசெய்தால் பெரும்பங்கு கூலியாக ஊருக்குள்ளேயே தங்கும்.

காசாவைப் பற்றி இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், அதற்குத் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும். 2023 அக்டோபருக்குப் பிறகு அங்கே 100க்கும் மேற்பட்ட பாரம்பரிய இடங்கள் சேதமடைந்ததை யுனெஸ்கோ உறுதிப்படுத்தியிருக்கிறது. பெரிய உமரி மசூதி இடிந்து கிடக்கிறது. அங்கே இன்றைக்கு முதல் தேவை உணவும் மருந்தும் கூரையும்தான். அதில் நேயர் சொல்வதோடு எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் இடிந்ததை நாளை எழுப்ப வேண்டுமானால் அளவும் வரைபடமும் படமும் வேண்டும், கல் வேலை தெரிந்த கைகள் வேண்டும். அதற்கு அமைதி நாளில் கொடுத்த பணம்தான் உதவும்.

அடுத்த கேள்வி, வக்ஃபு என்று சொன்னேனே, அதைப் பற்றியே ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குப் போவோம்.