பதற்றம் குடலுக்குள் என்ன செய்கிறது?

(திரையில்: தேர்வறை வாசலில் வயிற்றைப் பிடித்தபடி நிற்கும் ஒரு மாணவி.)

வணக்கம். "வயிற்றில் புளியைக் கரைக்கிறது" என்று நாம் சொல்வது அச்சத்தைக் குறிக்கும் பேச்சு வழக்கு. ஆனால் அந்த நேரத்தில் வயிற்றுக்குள்ளும் உண்மையாகவே மாற்றங்கள் நிகழ்கின்றன. தேர்வுக்கு முன் கழிவறைக்கு ஓடுபவர்களுக்கும், மாதக்கணக்கில் கவலையில் உழன்று குடல்நோய் முற்றிப்போனவர்களுக்கும் "எல்லாம் மனப்பிரமை" என்ற பதிலே பல நேரங்களில் கிடைக்கிறது. வலியோடு வந்தவரை இதைவிட நோகடிக்கும் பதில் வேறில்லை. அது தவறான பதிலும்கூட. மனத்தில் எழும் பதற்றத்தைக் குடலின் துன்பமாக மாற்றுவதில், நம்மைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் செல்களுக்கே பெரும் பங்கு உண்டு.

(திரையில்: குடல் சுவரின் குறுக்குவெட்டு, மிக நெருக்கத்தில்.)

குடலின் உட்புறத்தை ஒரே ஒரு செல் தடிமனுள்ள படலம் மூடியிருக்கிறது. அதன் ஒரு பக்கம் உணவும் கோடானுகோடி பாக்டீரியாக்களும் இருக்க, மறுபக்கம் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இருக்கின்றன. இவ்வளவு மெல்லிய வேலியைக் காக்க வேண்டியிருப்பதால்தான், உடலின் நோயெதிர்ப்புச் செல்களில் மிகப் பெரும் பங்கு குடலை ஒட்டியே குடியிருக்கிறது.

அவற்றுள் மாஸ்ட் செல்லைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். ஹிஸ்டமைன், டிரிப்டேஸ் போன்ற வேதிப்பொருள்கள் அடங்கிய நுண்மணிகள் அதன் உள்ளே நெருக்கமாக நிரம்பியிருக்கின்றன. ஒவ்வாமையின்போது தோல் தடித்து அரிப்பதற்குக் காரணமும் இதே செல்தான். நாம் பதறும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சிஆர்எச் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. குடலிலும் அதே பொருள் உண்டாகிறது. அதை உணரும் ஏற்பிகள் மாஸ்ட் செல்லில் உள்ளன. செய்தி எட்டியதும் நுண்மணிகள் வெளியே கொட்ட, படலத்தின் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் பிணைப்புகள் தளர்கின்றன.

பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இதை மனிதர்களிடமே காட்டினார்கள். உடல்நலமுள்ள தன்னார்வலர்களை மேடையில் பேச வைத்து, குடல் வழியே கசியும் தன்மையுள்ள சர்க்கரைகளைக் குடிக்கக் கொடுத்து, அவை எவ்வளவு சிறுநீரில் வந்து சேர்கின்றன என்று அளந்தார்கள். பேச்சின் பதற்றத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் நன்றாக உயர்ந்தவர்களுக்குச் சிறுகுடலின் கசிவும் கூடியது. மாஸ்ட் செல்களை அடக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோதோ, அந்தக் கசிவு கூடவில்லை. பேச்சும் பதற்றமும் அப்படியே இருந்தன. மாஸ்ட் செல் மட்டுமே வாயடைக்கப்பட்டிருந்தது.

வயிற்றுவலிக்கும் மாஸ்ட் செல்லுக்கும் உள்ள தொடர்பை இத்தாலியின் போலோன்யா ஆய்வாளர்கள் 2004-இல் கண்டிருந்தார்கள். அடிக்கடி வயிற்றுவலியும் மலம் கழிப்பதில் மாற்றமும் தரும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களின் பெருங்குடலில், நரம்பிழையிலிருந்து ஐந்து மைக்ரோமீட்டருக்குள், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தொலைவில், மாஸ்ட் செல்கள் கூடுதலாக இருந்தன. அப்படி நரம்பை ஒட்டிய செல்கள் எவ்வளவு அதிகமோ, வயிற்றுவலியும் அவ்வளவு கடுமையாக இருந்தது.

(திரையில்: கார்டிசால் அளவு ஏறி இறங்கும் கோடு; அதன் கீழே, ஏறி அப்படியே நிற்கும் இன்னொரு கோடு.)

இதுவரை சொன்னது சில மணி நேரப் பதற்றம். மாதக்கணக்கில் நீடிக்கும் மன அழுத்தத்தில் கதை வேறு. என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதியும் இதுதான். கார்டிசால் இயல்பில் அழற்சியைத் தணிக்கும் ஹார்மோன். அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீராய்டு மருந்துகளைத்தான் குடல் அழற்சி நோய்க்கு மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். அப்படியானால் மன அழுத்தம் அந்நோயைத் தணிக்க அல்லவா வேண்டும், ஏன் முற்ற வைக்கிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் தாய்ஸ் குழுவினர் 2023-இல் வெளியிட்ட, எலிகளை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு விடை தேடியது. எலிகளின் உடலில் இந்த வகை ஹார்மோன் நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தபோது, குடல் நரம்புகளைத் தாங்கி நிற்கும் கிளையல் செல்கள் இயல்பு மாறின. அவை சிஎஸ்எஃப்1 என்ற புரதத்தை வெளியிட்டு, மோனோசைட்டுகள் எனப்படும் வெள்ளணுக்களைக் குடலுக்குள் திரளச் செய்தன. அவற்றின் வழியே டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் பெருகியது. சிறிது நேரம் வந்தால் தீயை அணைக்கும் அதே ஹார்மோன், விலகாமல் தங்கிவிட்டால் வேறொரு செல்லின் வழியே தீயை மூட்டிவிடுகிறது.

அதே எலிகளின் குடலில் நரம்பணுக்களும் முழு முதிர்ச்சியை இழந்திருந்தன. தசையை இயக்கும் அசிட்டைல்கோலின் குறைந்ததால் குடலின் அசைவு தடுமாறியது. அழற்சியும் அசைவுக் கோளாறும் ஒரே நோயாளியிடம் சேர்ந்து வருவதை இது ஓரளவு விளக்குகிறது என்றே நான் கருதுகிறேன்.

(திரையில்: மருத்துவரின் மேசை எதிரே அமர்ந்திருக்கும் ஒருவர்.)

மருத்துவரிடம் வயிற்றைப் பற்றிப் பேசும்போது, உறக்கம் கெட்டதையும் வீட்டிலோ வேலையிலோ உள்ள நெருக்கடியையும் கூச்சப்படாமல் சேர்த்தே சொல்லுங்கள். ஆனால் மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, வயிற்றுப்போக்கு இரவில் உறக்கத்திலிருந்து எழுப்பினாலோ, அதை மன அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிடாமல் உடனே பரிசோதனைக்குச் செல்லுங்கள்.