சிக்னலில் அணையும் எஞ்சின்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓட்டும்போது கார் நன்றாகத்தான் ஓடுகிறது. சிக்னலில் நியூட்ரலுக்கு வந்ததும் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிடுகிறது. பட்டறைக்குப் போனால் சிலர் உடனே, "ஐடிலிங் கம்மியா இருக்கு, ஏத்தி விட்டுடலாம்" என்று ஸ்க்ரூட்ரைவரை எடுப்பார்கள். ஐடிலிங் என்பது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சும்மா ஓடும் வேகம். தயவுசெய்து அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்க்ரூ கடைசி வேலை.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சினுக்குக் காற்று விடும் வாயிலான த்ராட்டிலின் வட்டத் தகடு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. அதன் விளிம்பு வழியாகவோ பக்கவழியாகவோ கசியும் சிறிதளவு காற்றில்தான் எஞ்சின் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் வேகத்தில் தெரியாத சின்னக் குறைகூட ஐடிலிங்கில் தெரிந்துவிடும். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் எஞ்சின் சூடானபின் ஐடிலிங் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று (ஆர்பிஎம்) வரை இருக்கும். உங்கள் காருக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றி நின்றபிறகு, ஏசி, ஹெட்லைட் எல்லாம் அணைத்துப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எடுத்த அளவை நம்ப வேண்டாம்.

இஞ்செக்‌ஷன் காரில், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைத் தெளிக்கும் காரில், முதலில் சந்தேகப்பட வேண்டியது த்ராட்டில் பாடியில் படியும் கரி. எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து தகட்டின் விளிம்பில் கருப்பாகப் படிந்து, காற்று போகும் இடுக்கை அடைத்துவிடும். சாவியை எடுத்துவிட்டு, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றுங்கள். த்ராட்டில் பாடி க்ளீனரை மெல்லிய துணியில் நனைத்து விளிம்பையும் உட்சுவரையும் துடையுங்கள். சுரண்டக் கூடாது, சில கார்களில் உள்ளே பூச்சு இருக்கும். மோட்டாரால் திறக்கும் எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தகட்டை விரலால் அழுத்தித் திறக்கவும் கூடாது, பல்சக்கரம் உடையலாம். தனியாக ஐடில் வால்வு உள்ள பழைய இஞ்செக்‌ஷன் கார்களில் அதன் முனையையும் அது உட்காரும் துளையையும் துடைக்க வேண்டும்.

சுத்தம் செய்ததும் ஐடிலிங் திடீரென எகிறினால் பயப்பட வேண்டாம். கரி இருந்த நாளில் கம்ப்யூட்டர் கூடுதலாகத் திறக்கப் பழகியிருக்கும். பல கார்களில் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டால் தானாகச் சரியாகும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். பெயிண்ட் வைத்து முத்திரையிட்ட த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்பினால், த்ராட்டில் மூடியிருப்பதாக சென்சார் சொல்லாது. பிறகு கம்ப்யூட்டர் ஐடிலிங்கைக் கவனிக்கவே கவனிக்காது. ஸ்கேனரில் பி0506 என்ற கோடு வந்தால், ஐடிலிங் இருக்க வேண்டியதைவிடக் குறைவு என்று பொருள். காரணத்தை அது சொல்லாது. அதைப் பார்த்தவுடன் வால்வையோ சென்சாரையோ மாற்றுவது பணத்தை வீணாக்கும் வேலை.

அடுத்து வேக்குவம் ஓஸ், அதாவது எஞ்சினின் உறிஞ்சும் இழுப்பை மற்ற பாகங்களுக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய். அது கசிந்தாலும் ஐடிலிங் கெடும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஓஸை எஞ்சின் ஓடும்போது ஒரு நொடி இறுக்கிப் பிடியுங்கள். குலுக்கல் அடங்கினால் கசிவு அந்தப் பக்கம்தான். அதைத் தள்ளிப்போடாதீர்கள், பிரேக்கும் அதை நம்பித்தான் இருக்கிறது.

கசிவு இல்லை, ஆனாலும் ஒரே தாளத்தில் உதறுகிறது என்றால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. இஞ்செக்டர்களின் கப்ளர்களை (வயர் இணைப்புகளை) ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றும்போது ஆர்பிஎம் இறங்கவில்லையோ, அந்த சிலிண்டரின் பிளக், காயில், இஞ்செக்டரைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் காரில் ஒன்று படுத்தால் எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, அணையாமல் என்ன செய்யும்?

கார்புரேட்டர் மாருதி 800 போன்ற கார்களை இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்களுக்குத்தான் ஸ்க்ரூ வேலை. அங்கேயும் முதலில் சாவியைப் போட்டு, கார்புரேட்டரில் உள்ள ஃப்யூல் கட் சோலனாய்டு (பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) 'டக்' என்கிறதா என்று கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் அதற்கு வரும் வயரைப் பாருங்கள். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் நுண்துளையான ஸ்லோ ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். பிறகு பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக முட்டும்வரை உள்ளே திருப்பி, இரண்டு சுற்று வெளியே எடுங்கள். முட்டியபின் இறுக்கினால் ஊசி முனை கெட்டுவிடும். எஞ்சினைச் சூடாக்கி, ஆர்பிஎம் அதிகபட்சம் ஏறும் இடம்வரை கால் கால் சுற்றாக நகர்த்துங்கள். இப்போது த்ராட்டில் திறப்பை மாற்றும் ஸ்பீடு ஸ்க்ரூவால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறக்குங்கள். ஒன்று மாறினால் மற்றதும் மாறும் என்பதால் இரண்டையும் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். கடைசியில் புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடைப் பாருங்கள், இந்தப் பழைய கார்களுக்கு வரம்பு 3 சதவீதம்.

ஏசி போட்டால் மட்டும் இறங்குகிறது என்றால் இந்த இரண்டு ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். ஏசிக்கென்று த்ராட்டிலைச் சற்றுத் திறக்கும் ஐடில்-அப் அமைப்பு தனியாக இருக்கிறது, அதன் வேக்குவம் ஓஸும் டயாஃப்ரம் என்ற சவ்வும்தான் குற்றவாளி.

கேஸில் ஓடும் கார், சூடானபின் மட்டும் அணைகிறது என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் அளவு) பாருங்கள். கேஸில் வால்வு சீட் தேய்ந்து, கிளியரன்ஸ் (வால்வுக்கு விடும் சிறு இடைவெளி) குறைந்து, சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். இப்போதே கிளியரன்ஸ் வைத்தால் பெரும்பாலும் அரைநாள் வேலை, வால்வு கருகியபின் என்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

வணக்கம்.